மறைந்திருந்த மதிப்பு

நிதிநிலை வலுவாக இருந்தால் நிறுவனத்தின் பங்கு விலையும் உயரும் என்பது பொதுவான எண்ணம். சிறு நிறுவனங்களுக்கு இஃது எப்போதும் பொருந்துவதில்லை.

அமெரிக்காவில் 1911ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் பிரிக்கப்பட்டபோது உருவானவற்றுள் ஒன்று, நார்தர்ன் பைப்லைன். குழாய் வழியே எண்ணெய் கொண்டுசென்ற சிறு நிறுவனம் அது. 1926இல் அதன் பங்கு ஒன்றின் விலை 65 டாலர். பெஞ்சமின் கிரகாம் என்னும் முதலீட்டாளர், அந்நிறுவனம் அரசு ஆணையத்திடம் அளித்திருந்த அறிக்கையை வாஷிங்டனுக்குச் சென்று படித்தார். பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 95 டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களும் பிற முதலீடுகளும் நிறுவனத்திடம் இருப்பதை அறிந்தார்.

விலை ஏன் உயரவில்லை? பங்குதாரர்களுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் இவ்விவரங்கள் இல்லை. சிறு நிறுவனம் என்பதால் ஆராய்ந்து பார்த்தவரும் அரியர். தேவைக்கு மேற்பட்ட செல்வத்தைப் பகிர்ந்தளிக்க நிர்வாகமும் முன்வரவில்லை.

1927ஆம் ஆண்டுக் கூட்டத்தில் கிரகாமின் கோரிக்கை எடுபடவில்லை. மனந்தளராத அவர் பிற பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டினார். மறு ஆண்டு இரண்டு இயக்குநர் இடங்களைப் பெற்றார். அதன்பின் பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பகிர்ந்தளிக்கப்பட்டது.

செல்வம் இருந்தால் மட்டும் போதாது. அது பிறர் அறிய வெளிப்படவும், உரியவரைச் சென்றடையவும் வேண்டும். அப்போதுதான் விலை மதிப்பை நெருங்கும்.