கார் லிஃப்ட் வாங்குமுன் செருப்பு ஸ்டாண்டை நகர்த்து

தம்பி, நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின லிஃப்ட் படம் நாலையும் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் உன் கராஜின் தரையையும் கூரையையும் ஒரு படத்தில்கூடக் காணோமே! எந்த லிஃப்ட் என்பதை அவை இரண்டும்தான் முடிவு பண்ணும்.

முதலில் தரை. டாலஸ் பக்கத்து மண் களிமண். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் இங்கே நிறைய வீடுகளுக்கு போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்தான். கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களை ஓட்டி, கான்கிரீட் இறுகினபின் அவற்றை இழுத்துக் கட்டிவிடுவார்கள். ஒரு அரை அங்குல வடத்தை இழுக்கிற விசையே சுமார் 33,000 பவுண்டு. துளை போடும்போது அது அறுந்தால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு சீறும். பக்கத்தில் நிற்கிறவன் கதி என்ன ஆகும், யோசி. அதற்காகத்தான் 'வெட்டாதே, துளையிடாதே' என்று கராஜ் தரையில் ஒரு முத்திரை பதித்து வைக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்த முத்திரை செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது! லிஃப்ட் மாட்ட வந்தவர் டிரில்லை பிளக்கில் செருகிவிட்டார், உங்க மாமா உள்ளே காபி கலந்துகொண்டிருந்தார். செருப்பெல்லாம் தூசியாகிவிடுமே என்று நான் ஸ்டாண்டை இழுத்தேன். பார்த்தால் கொட்டை எழுத்தில் எச்சரிக்கை. விற்ற கடைக்காரர் 'உங்க ஸ்லாப் என்ன வகை' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு டிரில்லைச் சுருட்டி வைத்ததோடு சரி. தரைக்குள் ரேடார் விட்டு வடம் ஓடும் இடத்தைக் கோடு போட்டுத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்காமல் தரையில் ஒரு ஆணிகூட இறங்கக் கூடாது.

இரண்டு கால் லிஃப்ட் என்றால் மொத்த பாரமும் அந்தத் தரை போல்ட்டுகளை நம்பித்தான் நிற்கிறது. பொதுவாக 4 அங்குல கனமும் 3000 பிஎஸ்ஐ வலுவும் உள்ள கான்கிரீட் கேட்பார்கள். சில மாடல்களுக்கு அதற்கும் மேல் வேண்டும். விரிசலுக்கும் ஜாயின்ட்டுக்கும் பக்கத்தில் போல்ட் போடவே கூடாது. நாலு கால் லிஃப்ட்டில் கார் சக்கரத்தோடு பலகைமேல் ஏறி நிற்கும். வீட்டு மாடல்கள் பலவற்றுக்கு போல்ட் கட்டாயமில்லை; ஆனாலும் கையேட்டைப் பார்த்துக்கொள். நாங்கள் கடைசியில் வாங்கியது அதுதான். சஸ்பென்ஷன், பிரேக் வேலையெல்லாம் நீயே பார்க்கிறாயா? அப்படியானால் சக்கரம் தொங்குகிற இரண்டு கால்தான் சரி. கார் நிறுத்த இடம் போதவில்லை என்பதுதான் கவலை என்றால் நாலு கால் போதும். வருஷத்துக்கு நாலு தடவை ஆயில் மாற்ற மட்டும் என்றால் இரண்டும் வேண்டாம். சுவரோரம் சாத்தி வைக்கிற போர்ட்டபிள் லிஃப்ட்டே தாராளம்.

அடுத்தது உயரம். கேம்ரி சுமார் 57 அங்குலம். ஒன்றின்மேல் ஒன்று இரண்டு கேம்ரி நிற்க 114, பலகை கனம் 6, மேலே கை நுழைய 4. ஆக 124 அங்குலம், அதாவது 10 அடி 4 அங்குலம். 9 அடிக் கூரையில் இது நடக்காது. கூரையை அளந்துவிட்டு கதவை மறந்துவிடாதே. கராஜ் கதவு திறந்தால் மேலே வந்து படுக்கும், அதை இழுக்கிற மோட்டாரும் நடுவில் தொங்கும். மோட்டாரைச் சுவரோரம் மாட்டுகிற வகைக்கு மாற்றி, கதவுத் தண்டவாளத்தையும் உயர்த்த வேண்டிவரும். லிஃப்ட் விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்.

எடைக்கு வண்டியின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படி. எலக்ட்ரிக் வண்டி பேட்டரியாலேயே கனக்கும். இரண்டு கால் லிஃப்ட்டில் ஏற்றுவதானால் தூக்கும் இடத்துக்குத் தனி ரப்பர் கட்டையும் வேண்டியிருக்கலாம். லிஃப்ட்டில் ஏஎல்ஐ என்கிற ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட்டின் தங்க நிற முத்திரை இருக்கிறதா என்று பார். மலிவாகக் கிடைக்கிறதே என்று அது இல்லாததை வாங்காதே. பல லிஃப்ட்டுகளுக்கு 220 வோல்ட் தனி லைன் வேண்டும். எலக்ட்ரீஷியனையே கூப்பிடு, யூடியூப் பார்த்து நீ கை வைக்காதே.

சரக்கு லாரிக்காரர் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கனக்கிற இரும்பை வாசலில் காட்டிவிட்டு, 'இறக்க ஃபோர்க்லிஃப்ட் எங்கே?' என்பார். முதல் நாளே வாடகைக்குச் சொல்லிவை.

ஏற்றினபிறகு 'டக் டக்' என்று பூட்டு விழும் சத்தம் கேட்கும். அதற்கப்புறம் கொஞ்சம் இறக்கி, பாரத்தை எல்லாப் பூட்டுகளின்மேலும் உட்காரவை. ஹைட்ராலிக் எண்ணெயை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே. மேல் வண்டிக்கு அடியில் தட்டு வைக்க மறக்காதே, இல்லையென்றால் கீழ் வண்டிக்கு எண்ணெய்க் குளியல்தான். சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு சாவியை உன் பாக்கெட்டில் வைத்துக்கொள்; உன் பையன் எதையும் அமுக்கிப் பார்க்கிறவன்.

போன தடவை வந்திருந்தபோது அம்மா அந்தப் பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, 'இதுல வத்தல் காயப்போடலாமாடி?' என்று கேட்டாள். கராஜுக்குள் வெயில் ஏது என்றேன். 'அப்ப இவ்வளவு காசு எதுக்கு?' என்றாள்.