உகுலேலேயில் பழைய காலத்துச் சோகம்

கேள்வி: உகுலேலே குதூகலத்துக்கான வாத்தியம் என்கிறார்கள். அதில் 1920-களின் பாணியில் ஏக்கமான இசையை வாசிக்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். 1879-இல் போர்ச்சுகலின் மதீராத் தீவிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் சிறு கிட்டாரிலிருந்து பிறந்தது உகுலேலே. 1915-இல் நடந்த சான் பிரான்சிஸ்கோ கண்காட்சி அதை அமெரிக்கா முழுவதும் பிரபலமாக்கியது. 1920-களில் கிளிஃப் எட்வர்ட்ஸ் போன்ற பாடகர்களின் கையில் அது ஜாஸோடு கலந்தது.

ஜி, சி, இ, ஏ சுருதியில் ஏ மைனர், டி மைனர், இ செவன்த் மூன்றும் அடித்தளம். ஆனால் வெறும் மைனர் கார்டு சோகத்தைத் தருமே தவிர, அந்தக் காலத்து வாசனையைத் தராது. அதற்கு மைனர் சிக்ஸ்த், டிமினிஷ்டு செவன்த் இரண்டும் அவசியம். ஜி, இ கம்பிகளில் 2-ஆம் ஃபிரெட், சி-யில் 4, ஏ-யில் 3 பிடித்தால் ஏ மைனர் சிக்ஸ்த். சி கம்பியில் உள்ள விரலை மட்டும் 3-க்கு நகர்த்தினால் டிமினிஷ்டு செவன்த். நகர்வது ஒரே விரல்தான். இசையோ சட்டென்று இருண்டுவிடுகிறது. இந்த டிமினிஷ்டு செவன்த் பிடியை மூன்று ஃபிரெட் மேலே தள்ளினாலும் அதே நான்கு சுரங்கள்தான் ஒலிக்கும். அன்றைய வாசிப்பாளர்களின் அழகான உத்தி இது.

காலப்பிரமாணம் நிதானமாக இருக்க வேண்டும். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் கட்டைவிரலின் சதையால் வருடினால் ஒலி மென்மையாகும். ஜி கம்பியைக் கீழ் ஸ்தாயிக்கு மாற்றினால் கனம் கூடும். ஆனாலும் 1920-களின் ஒலியை விரும்புவோருக்கு மேல் ஸ்தாயி ஜி-யே பொருத்தம்.