மரபணுவுக்கும் ஒரு கைகாட்டி

தாம்பரம் ரயில் நிலையத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தண்டவாளங்கள் நேற்றுப் போலவே இன்றும் கிடக்கின்றன. ஆனால் எந்த வண்டி புறப்படும், எது நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை சிவப்பு, பச்சை விளக்குகளே. நம் உடலிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு.

நம் உயிரணுக்களில் சுமார் 20,000 மரபணுக்கள் உள்ளன. கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பவை ஏறக்குறைய அதே மரபணுக்கள்தாம். பின் வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டியவற்றை இயக்கி, மற்றவற்றை நிறுத்தி வைக்கிறது. நிறுத்தும் வழிகளுள் ஒன்று மெத்தில் தொகுதி. ஒரு கரி அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த சிறு முத்திரை அது. மரபணுவின் தொடக்கத்தில் இம்முத்திரைகள் நிறைந்தால் சிவப்பு விளக்கு விழுந்தது போலாகும். டி.என்.ஏ.வின் எழுத்துகள் மாறுவதில்லை. அவை படிக்கப்படுவதுதான் நின்றுவிடுகிறது. இதை ஆராயும் துறையே எபிஜெனிடிக்ஸ்.

உயிரணு அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணுக்களுள் ஒன்று பி-16. பலவகைப் புற்றுநோய்களில் இதன்மீது சிவப்பு விளக்கு விழுந்துவிடுகிறது. காவலாளி உறங்க, உயிரணு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. வேறிடங்களிலோ இருக்கவேண்டிய முத்திரைகள் குறைந்துவிடுகின்றன. இதை 1983இல் ஃபைன்பெர்க், வோகல்ஸ்டீன் என்னும் அமெரிக்க அறிஞர்கள் கண்டனர். எழுத்தே அழிந்தால் திருத்துவது கடினம். முத்திரையையோ நீக்க வழியுண்டு! புது முத்திரை இடுவதைத் தடுக்கும் அசாசிடிடின் என்ற மருந்து, எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்காக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதை வகுப்பில் படித்த அன்று ஒரு தோழி எழுந்தாள். “சிஸ்டர், என் அத்தைக்குப் புற்றுநோய். அவர் சாப்பிட்ட தட்டைத் தொடவே உறவினர் அஞ்சுகிறார்கள். எனக்கும் வருமா?” என்றாள். வகுப்பே அமைதியாயிற்று. பிறகு நாங்கள் எல்லோருமாகப் பதில் தேடினோம். புற்றுநோய் தட்டினால் தொற்றுவதன்று. பெற்றோர்வழி வருவது நூற்றில் ஐந்து முதல் பத்து வரையே. வயது, புகையிலை போன்றவற்றால் உடலின் ஓர் உயிரணுவில் விழும் தவறான முத்திரை அத்தையிடமிருந்து மருமகளுக்குத் தாவாது. அன்று மாலையே அவள் அத்தையுடன் அமர்ந்து ஒரே தட்டில் உண்டாளாம்!

நம் அருகிலுள்ள அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தால் உழைத்து, 1954இல் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே 1955இல் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021இல் மறையும்வரை நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். தொடக்கத்திலேயே கண்டால் பல புற்றுநோய்களைக் குணமாக்கலாம் என்று இடைவிடாது எடுத்துரைத்தார்.

ஆகவே தோழியரே, கட்டியையோ ஆறாத புண்ணையோ நம் தாய்மார் வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். வீட்டில் புகையிலை இருந்தால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். அச்சமே முதல் சிவப்பு விளக்கு. அதை அறிவால் பச்சையாக்குவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்