நாற்பது பேர் இல்லாத ஊர்

அல்லாஹுத்தஆலாவுக்கே புகழனைத்தும். அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சென்ற மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மணியாச்சிக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் இருப்புப்பாதை பிரிகின்ற இடம் மணியாச்சி என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண், ஐப்பசி மழையில் வைத்த காலை விடாமல் பிடித்துக் கொள்ளும். ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான். மழை பெய்தால் உளுந்தும் பாசியும் சோளமும் கம்பும் பருத்தியும் உண்டு; பொய்த்தால் கடன்தான் உண்டு. ஆகவே வாலிபர்கள் கோவில்பட்டிக்கும் தூத்துக்குடிக்கும் அரபு நாடுகளுக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். ஊரில் மிஞ்சுவது வயோதிகர்களும் பெண்களும் குழந்தைகளும் ஆவர்.

நாம் சென்ற ஊரில் ஓட்டுக் கூரையிட்ட சிறு பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதன் கதவில் பூட்டுத் தொங்கிற்று. வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து ஸலாம் கூறிவிட்டு நம்மிடம் கேட்டார்:

"ஹஜ்ரத்! எங்க ஊருல ஆம்பளைகன்னு கணக்கெடுத்தா ஒம்பது பேருதான். நாப்பது பேரு இருந்தாத்தான் ஜும்ஆன்னு ஓதுனவுக சொல்லிட்டாக. அப்போ எங்களுக்கு வெள்ளிக்கிழமையே கெடையாதா?"

பிறகு பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜும்ஆ இல்லைன்னு மத்த தொழுகையும் நின்னு போச்சு. நாளைக்கு நான் மவுத்தாப் போனா, என் மய்யித்தைத் தொழவைக்கவும் டவுனுக்குத்தான் ஆள் விடணும்."

அவருக்கு நாம் சொன்ன பதிலையே இங்கு விரிவாக எழுதுகிறோம். இது அந்த ஒரு ஊரின் கேள்வி மட்டுமன்று. நம்மவர் வீடுகள் விரல்விட்டு எண்ணத்தக்க ஒவ்வொரு சிற்றூரின் கேள்வியுமாகும்.

ஜும்ஆ யார் மீது கடமை?

தொழுகைக்கு அழைக்கப்பட்டதும் கொடுக்கல் வாங்கலை விட்டுவிட்டு இறைவனை நினைவுகூர விரையுமாறு திருமறையின் ஜும்ஆ அத்தியாயம் 9ஆம் வசனம் கட்டளையிடுகிறது. பருவமடைந்த, புத்தி சுவாதீனமுள்ள, நோயில்லாத, உள்ளூர்வாசியான ஆண்கள் மீது இது பர்ளு ஐன் ஆகும். பெண்கள், பிரயாணிகள், நோயாளிகள் ஆகியோர் மீது கடமையில்லை. ஆயினும் இவர்கள் கலந்து கொண்டால் ஜும்ஆ நிறைவேறிவிடும், ளுஹர் தொழ வேண்டியதில்லை. இதுவரை கருத்து வேறுபாடில்லை. எந்த ஊரில் ஜும்ஆ நடத்தலாம் என்பதில்தான் இமாம்களிடையே ஆய்வு வேறுபடுகிறது.

ஷாபிஈ மத்ஹப்

ஊர் பெரிதா சிறிதா என்பதை இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் பார்ப்பதில்லை. வீடுகள் சேர்ந்த ஒரு குடியிருப்பு, அதில் நிரந்தரமாக வாழும் நாற்பது ஆண்கள். இவை இருந்தால் கிராமமாயினும் அங்கு ஜும்ஆ கடமை. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வருவதற்கு முன்னரே அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்கள் அங்கு ஜும்ஆ நடத்தியபோது நாற்பது பேர் இருந்ததாகக் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது அபூதாவூதில் காணப்படுகிறது. நபிகளாரின் பள்ளிக்குப் பின் முதன்முதலாக ஜும்ஆ நடந்த இடம் பஹ்ரைன் பகுதியிலுள்ள ஜுவாஸா என்பதைப் புகாரி ஷரீபில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதுவும் ஒரு கிராமமே என்பது இம்மத்ஹபின் ஆதாரம்.

நாற்பது பேர் இல்லையென்றால்? பக்கத்து ஊரில் ஜும்ஆ நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று அடங்கிய நேரத்தில், உரத்த குரலுடைய ஒருவர் அவ்வூரின் எல்லையில் நின்று கூறும் பாங்கு இவ்வூரின் எல்லைக்குக் கேட்கும் என்றால், அங்கே சென்று தொழுவது கடமை. ஒலிபெருக்கி இதற்கு அளவாகாது. இயல்பான மனிதக் குரலே அளவு. கேட்காத தொலைவாயின் ளுஹர் தொழுதால் போதும். நாற்பதுக்குக் குறைந்தாலும் நடத்தலாம் என்ற பழைய சொல்லைப் பின்பற்ற இடமளித்த பிற்கால ஆலிம்களும் உண்டு. ஆனால் மத்ஹபில் பலம் பெற்றது நாற்பதே. ஆகவே தகுந்த ஆலிம்களைக் கேளாமல் ஊரார் தாமாகவே துவங்கிவிடலாகாது.

ஹனபி மத்ஹப்

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடம் எண்ணிக்கை எளிது. இமாமைத் தவிர மூன்று ஆண்கள் போதும். ஆனால் இடம் கடினம். நகரமாகவோ, நகரைச் சார்ந்த பகுதியாகவோ இருக்க வேண்டும். நகரிலன்றி ஜும்ஆ இல்லை என்ற அலீ (ரலி) அவர்களின் கூற்று இதற்கு ஆதாரம். கடைவீதிகளும் வசதிகளும் நிறைந்த பெரிய கிராமத்தையும் சட்ட அறிஞர்கள் நகரத்தின் கணக்கில் சேர்த்தார்கள். கரிசல் காட்டின் நடுவே உள்ள சிற்றூர் அக்கணக்கில் வராது. அங்கே ளுஹர்தான் கடமை.

இங்கு பலரும் அறியாத மஸ்அலா ஒன்றுண்டு. நகரத்தில், ஜும்ஆவுக்கு வர இயலாதவர்கள் வெள்ளிக்கிழமை ளுஹரை ஜமாஅத்தாகத் தொழுவதை ஹனபி நூல்கள் வெறுக்கின்றன. இதைக் கேள்விப்பட்ட கிராமத்தார் சிலர், தாங்களும் தனித்தனியேதான் தொழ வேண்டும் என்று எண்ணிக்கொண்டார்கள். அது தவறு. ஜும்ஆ கடமையில்லாத சிற்றூரில் வெள்ளிக்கிழமையும் மற்ற நாட்களைப் போலவே பாங்கு, இகாமத்துடன் ளுஹரை ஜமாஅத்தாகத் தொழ வேண்டும்.

ஆகவே இரு மத்ஹபுகளின்படியும் அப்பெரியவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: உங்கள் ஊரில் ஜும்ஆ நடத்துவது உங்கள் மீது கடமையில்லை. ஆனால் பள்ளியைப் பூட்டுவதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதியில்லை.

சேறும் வியர்வையும்

வசதியுள்ளவர்கள் பஸ் ஏறிக் கோவில்பட்டி போன்ற ஊருக்குச் சென்று ஜும்ஆ தொழுவது மிகச் சிறப்பு. மதீனாவின் மேற்புறத்தில் சில மைல் தொலைவிலிருந்த அவாலீ குடியிருப்புகளிலிருந்து மக்கள் முறை வைத்துக்கொண்டு ஜும்ஆவுக்கு வந்தார்கள் என்றும், புழுதியும் வியர்வையுமாக வந்த அவர்களைக் கண்டே குளித்துவிட்டு வந்தால் நலமாயிருக்குமே என்று பெருமானார் (ஸல்) கூறினார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பருத்திக் காட்டிலிருந்து புழுதியோடு வருகின்ற நம் சகோதரன், தான் ஜும்ஆவுக்குத் தகுதியற்றவன் என்று கூசவேண்டியதில்லை. அவனைப் போன்றவர்களே அன்று நபிகளாரின் பள்ளியில் வந்து அமர்ந்தார்கள். குளிக்கத் தண்ணீர் பஞ்சமா? நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்தும், ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஒரு முத்து என்பது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவே.

கரிசலில் மழை விழுந்துவிட்டால் பாதையே இராது. அதற்கும் மார்க்கத்தில் இடமுண்டு. மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு வாருங்கள் என்பதற்குப் பதிலாக உங்கள் வீடுகளிலேயே தொழுங்கள் என்று கூறுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) முஅத்தினுக்குச் சொன்னார்கள். சேற்றிலும் வழுக்கலிலும் உங்களை நடக்க வைக்க நான் விரும்பவில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம்.

மந்தையை விட்டுப் பிரிந்த ஆடு

அறுப்பு முடிந்த கரிசல் நிலத்தில் கிடை மறிப்பதை நாம் அந்த ஊரிலேயே கண்டோம். இரவெல்லாம் காவல் இருக்கிறார்கள். ஏனென்றால் பட்டியை விட்டு விலகும் ஒற்றை ஆட்டை நரியோ நாயோ இழுத்துப் போய்விடும். இந்த உவமையைத்தான் நமது நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள். ஒரு கிராமத்திலோ பாலைவெளியிலோ மூன்று பேர் இருந்து அவர்களிடையே தொழுகை நிலைநாட்டப்படாவிட்டால் ஷைத்தான் அவர்களை ஆட்கொண்டு விடுவான் என்றும், ஆகவே ஜமாஅத்தைப் பற்றிக் கொள்ளுங்கள், விலகிப்போன ஆட்டையே ஓநாய் தின்கிறது என்றும் எச்சரித்தார்கள். அபுத்தர்தா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் நஸாயீயிலும் உள்ளது.

வாசகர்கள் கவனிக்க வேண்டும்! இங்கு கூறப்பட்ட எண்ணிக்கை நாற்பதன்று, மூன்று. கூறப்பட்ட இடம் நகரமன்று, கிராமம். ஐவேளை ஜமாஅத், ஊரில் வெளிப்படையாகத் தெரியும் அளவுக்கு நடந்தாக வேண்டிய பர்ளு கிபாயா என்பது ஷாபிஈ மத்ஹபில் பலம் பெற்ற சொல். ஹனபியில் அது வாஜிபுக்கு நெருங்கிய வலியுறுத்தப்பட்ட சுன்னத். ஒன்பது பேர் உள்ள ஊர், மூன்று பேரின் கடமையை மூன்று மடங்கு பெற்ற ஊரன்றோ!

அச்சே நாட்டுச் சிற்றூர்கள்

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் மற்றொரு நாட்டுக் கிராமத்தார் இதே சிக்கலை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்ப்போம். சுமத்திரா தீவின் வடகோடியில் உள்ளது அச்சே. நம் கரையிலிருந்து மரக்கலங்கள் சென்று வந்த நாடு. நாம் கந்தூரி என்று சொல்வதை அவர்களும் ஏறக்குறைய அதே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

அங்கே கிராமத்துக்குக் கம்போங் என்று பெயர். ஒவ்வொரு கம்போங்குக்கும் முனாசா என்ற பொதுவிடம் ஒன்று உண்டு. இப்பெயர் மதரஸா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஐவேளைத் தொழுகையும், பிள்ளைகளின் ஓதலும், ஊர்ப் பஞ்சாயத்தும் அங்குதான். மரியாதையாகத் தெங்கு என்று அழைக்கப்படும், மார்க்கம் ஓதிய ஒருவர் அதைக் கவனித்துக் கொள்வார். ஆனால் முனாசாவில் ஜும்ஆ கிடையாது. பல கம்போங்குகள் சேர்ந்து ஒரு முக்கிம். முக்கிமுக்கு ஒரு ஜும்ஆப் பள்ளி. உள்ளூர்வாசி என்று பொருள்படும் முகீம் என்ற அரபுச் சொல்லும், நாற்பது முகீம்கள் வேண்டும் என்ற ஷாபிஈச் சட்டமுமே இப்பெயருக்குக் காரணம் என்று, அச்சேயைப் பற்றி 1893-94இல் நூல் எழுதிய டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்ஃரோன்யே விளக்குகிறார். தனித்தனியே நாற்பது தேறாத ஊர்கள், சேர்ந்தபோது தேறின.

1873இல் துவங்கிய டச்சுப் படையெடுப்பையும், பிற்காலத்து உள்நாட்டுப் போரையும், 2004 டிசம்பர் 26இல் நம் நாகப்பட்டினத்தைப் போலவே அவர்கள் கரையையும் விழுங்கிய சுனாமியையும் அந்த மக்கள் கண்டார்கள். ஆயினும் கம்போங்கும் முக்கிமும் அழியவில்லை. 2006இல் இந்தோனேசியா இயற்றிய அச்சே ஆட்சிச் சட்டத்திலும் அவை இடம் பெற்றிருக்கின்றன.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. சிற்றூரின் தொழுகையிடம் தினந்தோறும் உயிரோடிருக்க வேண்டும். ஜும்ஆவுக்குச் சுற்றியுள்ள ஊர்கள் ஒன்றுகூட வேண்டும். முன்னது இல்லாமல் பின்னது மட்டும் மார்க்கத்தைக் காப்பாற்றாது.

செய்ய வேண்டியவை

1. பூட்டைத் திறவுங்கள். நாள்தோறும் ஒரு வேளையேனும் பாங்கு ஒலித்து ஜமாஅத் நடக்கட்டும். பிறகு ஐந்து வேளையாக்குங்கள். ஆட்டையும் வெட்டவெளியையும் நேசிப்பவர் அங்கே தனித்திருந்தாலும் உரத்த குரலில் பாங்கு சொல்லட்டும், அக்குரல் எட்டும் தூரமெல்லாம் கேட்டவை மறுமையில் அவருக்குச் சாட்சி சொல்லும் என்பது புகாரியில் உள்ள நபிமொழியின் கருத்து.

2. முறை வையுங்கள். உமர் (ரலி) அவர்களும் அவாலீயிலிருந்த அவர்களுடைய அன்சாரி அண்டை வீட்டாரும் ஒருநாள் விட்டு ஒருநாள் நபிகளாரிடம் சென்று, கேட்டு வந்ததை மற்றவருக்குச் சொன்னார்கள். டவுனுக்கு ஜும்ஆ சென்றவர், அன்று மாலையே குத்பாவில் கேட்ட பயானை வீட்டுப் பெண்களுக்கும் போகாதவர்களுக்கும் எடுத்துச் சொல்லட்டும்.

3. பிள்ளைகளின் ஓதலை நிறுத்தாதீர்கள். வழிப்போக்கர்களிடம் கேட்டுக் கேட்டே குர்ஆனை மனனம் செய்த சிறுவர் அம்ரு இப்னு ஸலிமா (ரலி), தம் கூட்டத்தாரில் அதிகம் ஓதத் தெரிந்தவர் என்பதால் ஆறேழு வயதிலேயே அவர்களுக்குத் தொழவைத்தார்கள். சிறுவர் இமாமத் செய்வதில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. ஆனால் வழியோரத்துச் சிற்றூரிலும் கல்வி வளரும் என்பதில் வேறுபாடில்லை. லெப்பை கிடைக்காத ஊரில், ஓதத் தெரிந்த தாயின் மடியே மதரஸாவாகட்டும்.

4. ஒருவரேனும் ஜனாஸாத் தொழுகையைக் கற்றுக் கொள்ளுங்கள். அது பர்ளு கிபாயா. அதில் ருகூவும் சுஜூதும் இல்லை, நான்கு தக்பீர்களே. முதல் தக்பீருக்குப் பின் ஷாபிஈகள் பாத்திஹாவும் ஹனபிகள் ஸனாவும், இரண்டாவதற்குப் பின் ஸலவாத்தும், மூன்றாவதற்குப் பின் மய்யித்துக்காக துஆவும் ஓதி, நான்காவதற்குப் பின் ஸலாம் கொடுக்க வேண்டும். ஒரே ஒருவர் தொழுதாலும் ஊராரின் கடமை நீங்கிவிடும்.

5. நகரத்து ஜமாஅத்தார்களே! சுற்றியுள்ள சிற்றூர்களை உங்கள் மஹல்லாவாகக் கருதுங்கள். மாதம் ஒரு வெள்ளியேனும் ஓர் ஆலிமை அங்கு அனுப்புங்கள். வருவோரை எதிர்பார்த்திராமல் வராதோரைத் தேடிச் செல்லுங்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குச் சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் சாவி இருந்தது. கூட்டிப் பெருக்கிப் பாய் விரிக்க அரை நாழிகை ஆயிற்று. அன்று அசர் தொழுகையில் ஏழு பேர் நின்றோம். பாங்கு சொன்னவர் அவரே. பழக்கம் விட்டுப் போனதால் குரல் இரண்டு இடங்களில் தழுதழுத்தது.

அருகிலுள்ள எட்டயபுரத்து மண்ணில்தான், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அவர்கள் அடங்கியிருக்கிறார்கள். மழைக்கு ஏங்கும் இந்தக் கரிசல் பூமி மார்க்கத்துக்கு வறண்ட பூமியன்று. விதை விழுந்தால் முளைக்கும்.

வல்ல நாயன் நம் சிற்றூர்ப் பள்ளிகளைத் தொழுகையாளிகளால் நிரப்புவானாக! மந்தையை விட்டுப் பிரியாதவர்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.