நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், பாப்பா

சேலையூர்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. மேடவாக்கத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. எழுதினால் முழுவதும் படிப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

வியாழக்கிழமை நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. மூன்று மாதச் சர்க்கரை 6.1. கீழே நீ, "பார்டர்தான் அத்தை, பயப்படாதீங்க, நான் நாட்டுச் சர்க்கரைக்கு மாறிட்டேன்" என்று போட்டிருந்தாய். 5.7-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இரண்டுக்கும் நடுவில் நீ நிற்கிறாய். உங்கப்பா இந்த இடத்துக்கு வந்தபோது அவருக்கு 44 வயது. உனக்கு 27.

"சர்க்கரை சாப்பிட்டா சுகர் வரும்னு யார் சொன்னது அத்தை?" என்று அன்றைக்குக் கேட்டாயே, அது நியாயமான கேள்விதான். 31 வருடம் ஆஸ்பத்திரியில் வெள்ளைப் புடவை கட்டி வேலை பார்த்தவள் நான். உன்னைப் பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். சர்க்கரை விஷம் இல்லை. ஒரு ஸ்பூன் சர்க்கரையால் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. அப்பா வழியில் வந்த உடம்பு, இடுப்பில் சேரும் கொழுப்பு, உட்கார்ந்தே செய்கிற வேலை, கெட்டுப்போன ராத்திரித் தூக்கம், தட்டு நிறைய வெள்ளைச் சோறு எல்லாம் கூடித்தான் இதைக் கொண்டுவருகின்றன. க்யூர்ஸ் என்று சென்னையிலேயே நடந்த ஆய்வில், நம் ஊர்க்காரர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய அரிசி மாதிரியான தானியங்களிலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அது கூடியவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும் ரத்தத்தில் சர்க்கரையும் கூடியிருந்தன. ஆகவே பழியை எல்லாம் சர்க்கரை டப்பா மேல் போட முடியாது. அது வரைக்கும் நீ சொல்வது சரி.

ஆனால் "சர்க்கரை மட்டும் காரணம் இல்லை" என்று படித்ததை "சர்க்கரை காரணமே இல்லை" என்று நீ எடுத்துக்கொண்டிருக்கிறாய். அங்கேதான் எனக்கு வயிறு கலங்குகிறது.

சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பு முழுவதும் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸில் பெரும்பகுதி ஈரலின் தலையில்தான் விழுகிறது. கொஞ்சமாக வந்தால் ஈரல் சமாளித்துவிடும். வேளைக்கு வேளை வந்தால் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கொழுப்பேறிய ஈரல் இன்சுலின் சொல் கேட்காது. அதிலும் குடிக்கிற சர்க்கரைதான் மோசம். மென்று தின்றால் ஒரு இடத்தில் வயிறு போதும் என்று சொல்லிவிடும். குடித்தால் சொல்லாது.

உன் ஒரு நாளை நான் கூட்டிப் பார்த்தேன். காலையில் காபிக்கு இரண்டு ஸ்பூன். சோழிங்கநல்லூர் ஆபீசில் மெஷின் டீ மூன்று தடவை, அதில் சர்க்கரை கலந்தே வருகிறது. சாயங்காலம் 300 மில்லி கூல்டிரிங்க், அதில் மட்டும் 30 கிராமுக்கு மேல். திரும்பி வரும்போது தோழிகளோடு ரோஸ்மில்க். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு, ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே, முடிந்தால் இருபதில் ஒரு பங்கு. அந்த இருபதில் ஒரு பங்கு என்பது சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். அதை நீ அந்த ஒரு பாட்டிலிலேயே தாண்டிவிடுகிறாய். ஜீரோ என்று போட்ட பாட்டிலுக்கு மாறலாமா என்று கேட்பாய். எடை குறைக்க அந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. தண்ணீர் குடி. மோர் குடி.

இனி நாட்டுச் சர்க்கரைக்கு வருகிறேன். இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது வெள்ளைச் சர்க்கரைக்கு அஸ்கா என்றுதான் பெயர். கஞ்சம் ஜில்லாவில் இருக்கிற அஸ்கா, ஒரு காலத்தில் மெட்ராஸ் மாகாணத்து ஊர், அங்கே இருந்த ஆலையின் பெயரே சரக்குக்கும் வந்துவிட்டது. பிறகு உன் தாத்தா அரிசி வேண்டாமென்று ரேஷனில் சர்க்கரை அட்டை வாங்கினார். மாதம் 3 கிலோ கூடுதலாக வீட்டுக்குள் வந்தது. வந்ததைக் கரைத்துத்தான் ஆக வேண்டும் என்று வளர்ந்த குடும்பம் இது.

உங்கப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, அண்ணன் அஸ்காவை நிறுத்தியது உண்மைதான். அதற்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை வந்தது. கடையில் "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்" என்று போர்டு வைத்து விற்றான். உங்கம்மாவை நான் குறை சொல்லவில்லை. அண்ணி நல்லதென்று நினைத்துத்தான் செய்தார். ஆனால் இரண்டு காபி ஐந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெல்லப் பாயசம். யாராவது கேட்டால், "நாட்டுச் சர்க்கரைதானே, ஒண்ணும் செய்யாது." ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைதான் அளவைக் கூட்டியது. "நான்தான் சர்க்கரையை விட்டுட்டேனே" என்று அண்ணன் ரத்தம் பார்க்கப் போவதையும் விட்டுவிட்டார்.

நிறம்தான் வேறு, பாப்பா. அதே கரும்புச் சாறு. சுத்திகரிக்காததால் கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் தாது மிஞ்சியிருக்கும், வாசனையும் நன்றாக இருக்கும். மற்றதில் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே பொருள். குடலுக்குள் போனால் அதே குளுக்கோஸ், அதே ஃபிரக்டோஸ். பதநீரில் காய்ச்சின கருப்பட்டியும் அப்படித்தான். அந்த ஆறு டீஸ்பூன் கணக்கில் தேனும் சேர்த்திதான்.

நான் அந்தக் காபியைக் குடித்திருக்கிறேன். டிரெஸ்ஸிங் ரூமில் நாள் முழுவதும் சர்க்கரைக்காரர்களின் பாதத்தைத் துடைத்துக் கட்டிவிட்டு, சாயங்காலம் குரோம்பேட்டைக்கு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து குடித்திருக்கிறேன். சொல்ல வாய் வரும். நாத்தனார் பேச்சு என்று ஆகிவிடுமே என்று இருந்துவிடுவேன். அந்தப் பங்குனியில் திருநீர்மலைக்கு எல்லோரும் போனோமே, நினைவிருக்கிறதா? வெயிலில் சுட்ட படியில் அண்ணன் வெறுங்காலோடு ஏறினார். எனக்குக் கால் பொறுக்கவில்லை, நீ அழுதாய். அவர் மட்டும் நின்று நிதானமாக ஏறினார். எவ்வளவு பக்தி என்று அண்ணி சொன்னார். பாதத்தில் உணர்வே போய்விட்டிருந்தது. கொப்புளம் உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தரையில் ஈரத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். மனையை விற்றது எதற்கென்றும் தெரியும். போவதற்கு 58 ஒரு வயதா?

வேலைக்குப் போன காலத்தில் எலக்ட்ரிக் ட்ரெயின் சானடோரியத்தில் நிற்கும்போதெல்லாம் அங்கே இருக்கிற காசநோய் ஆஸ்பத்திரியைப் பார்ப்பேன். 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காரர்களுக்கென்று அதை ஆரம்பித்தார். இங்கே காற்று நன்றாக இருந்தது என்பதற்காக வந்தது அது. சர்க்கரை நோய் இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பே இரண்டு மூன்று மடங்காகிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. காலோடும் கண்ணோடும் நிற்கிற வியாதி இல்லை இது.

பயந்துவிட்டாயா? வேண்டாம், கண்ணு. இப்போது நல்ல சேதி சொல்கிறேன். டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி நம் சென்னையிலிருந்துதான் நடந்தது. உன்னைப் போல வரம்பில் நின்ற 531 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி வேகமாக நடக்க வைத்து, சர்க்கரையைத் தவிர்த்து, தீட்டிய தானியத்தைக் குறைக்க வைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் அதற்கு மேல் குறையவில்லை. 39 சின்ன எண் இல்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் 55-க்கும் 39-க்கும் நடுவில் 16 பேர் இருக்கிறார்கள். அந்தப் பதினாறில் நீ ஒருத்தியாக இருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள். உனக்கு வயது துணையாக இருக்கிறது.

இனி உன் இஷ்டம். நீ சம்பாதிக்கிற பெண், உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். இப்படியே இருந்து ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் ஒரு வழி, அண்ணனும் அப்படித்தான் பார்த்தார். இல்லையென்றால் நாளை முதல் குடிக்கிற எதிலும் சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டலும் கீரையும் வை. காலையில் அரை மணி நட. எது சரியென்று நீயே தீர்மானம் பண்ணு. உங்கம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன், அந்த நாட்டுச் சர்க்கரை டப்பாவை எடுத்துவிடச் சொல்லி. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அண்ணி கோபப்படவும் இல்லை, போனிலேயே அழுதுவிட்டார். மாமாவும் உனக்கு ஷூ வாங்கி வந்துவிட்டார். உன் அளவு 6 தானே?

அத்தை ரொம்பப் பேசிவிட்டேன் என்று தெரிகிறது. நம் குடும்பத்திலேயே சமர்த்து நீதான். அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கூட்டிப்போய்க்கொண்டே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினவள். உனக்கு நான் புத்தி சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. தீபாவளிக்கு வழக்கம் போல அதிரசம் சுடுவேன். வெல்லப் பாகில்தான். சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தின்னு, ஆசையாக இருந்தால் மூன்றாகவும் தின்னு. அத்தை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உன் முகம் வாடினால் எனக்கு எதுவும் இறங்காது.

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு முடிவு பண்ணக் கூடாது. வெறும் வயிற்றில் ஒரு தடவையும், 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் ரத்தம் பார்க்க வேண்டும். இங்கே லேபில் சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீரைத் தவிர எதுவும் வேண்டாம். அந்த இரண்டு மணி நேரமும் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். காலை ஏழு மணிக்கு வந்துவிடு, கண்ணு.

உன் அத்தை