தோளில் தொங்கும் நாலு கிலோ: எடை குறைந்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து வாங்குவது எப்படி?

"அண்ணே, எந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம்?" என்று கேட்கிறவர்கள் நிறத்தைச் சொல்வார்கள், பிராண்டைச் சொல்வார்கள், கையில் எத்தனை ரிங்கிட் இருக்கு என்பதையும் சொல்வார்கள். எத்தனை கிலோ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கடையில் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கும்போது எடை தெரியாது. தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்காக இரண்டு மணி நேரம் நின்று ஒத்திகை பார்த்தால்தான் இடது தோள் பேசும். பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கின கிட்டார், தோள் வலியால் மூன்று மாதத்தில் அலமாரி மேலே ஏறிவிட்டால் யாருக்கு நஷ்டம்? அதனால் இந்த முறை எடையைப் பற்றிப் படிப்போம்.

சாலிட் பாடி என்றால் உள்ளே கூடு இல்லாத முழுக் கட்டை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி உடலின் கன அளவு ஏறக்குறைய 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இடைநிலைப்பள்ளியில் படித்த அடர்த்திக் கணக்குதான். ஆல்டர் மரம் லிட்டருக்குச் சுமார் 450 கிராம், ஆக உடல் 1.8 கிலோ. மஹோகனி 590 கிராம் என்றால் 2.4 கிலோ. மேப்பிள் 700 கிராம், அது 2.8 கிலோ. பாலோனியா 300 கிராமுக்கும் குறைவு, 1.2 கிலோகூட வராது. இதோடு நெக், பிரிட்ஜ், பிக்கப், டியூனர் எல்லாம் சேர்ந்து ஒன்றரை கிலோவுக்கு மேல் வரும். மரத்தை மாற்றினாலே ஒன்றரை கிலோ வித்தியாசம் வருது பாருங்கள்!

ஆனால் மரத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்க முடியாது. ஆஷ் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சதுப்பு நிலத்தில் வளர்ந்த மரத்தின் அடிப்பகுதி லேசாக இருக்கும், மேட்டு நிலத்து ஆஷ் கனக்கும். இரண்டுக்கும் பெயர் ஆஷ்தான். 1950களின் ஃபெண்டர் கிட்டார்கள் பல லேசாகவும், 1970களில் வந்தவை பல கனமாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம். கம்பெனிகளும் இந்தப் பிரச்சினையோடு ரொம்ப நாளாகப் போராடுகின்றன. 1968இல் ஃபெண்டர், உடலின் உள்ளே குடைந்து டெலிகாஸ்டர் தின்லைனை வெளியிட்டது. மஹோகனி மேல் மேப்பிள் ஒட்டிய கிப்சன் லெஸ் பால் சாதாரணமாகவே 4 கிலோவைத் தாண்டும். 1980களில் அதன் உடலுக்குள் துளை போட்டு எடையைக் குறைக்க ஆரம்பித்தார்கள்.

"கனமா இருந்தாத்தான் சத்தம் நிக்கும்" என்று பெரிய அண்ணன்மார் சிலர் சொல்வார்கள். பிக்கப் ஒரு காந்தம், அது பிடிப்பது கம்பியின் அசைவை. உடலுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் விலை உச்சத்தில் இருக்கும் பழைய ஸ்ட்ராட்கள் பல மூன்றரை கிலோவுக்கும் குறைவானவை. எடைதான் தரம் என்றால் அது எப்படி?

இனிமேல்தான் முக்கியமான விஷயம். லேசான கிட்டார் எல்லாம் சுகமான கிட்டார் இல்லை. ஸ்ட்ராப் மாட்ட இரண்டு குமிழ் இருக்கிறது. கிட்டாரின் ஈர்ப்பு மையம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். ஸ்ட்ராட்டின் மேல் கொம்பு நீண்டு, முன் குமிழ் 12ஆம் ஃபிரெட் அருகில் வருவதால் அது சமமாகத் தொங்கும். 1961இல் வந்த கிப்சன் எஸ்ஜி வடிவத்தில் உடல் மெல்லிசு, எடையும் குறைவு. ஆனால் முன் குமிழ் நெக் உடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. கையை விட்டால் நெக் கீழே சாயும். அதை இடது கையால் தாங்கிக்கொண்டே கார்டு பிடிக்க வேண்டும், மணிக்கட்டுக்கு அது தண்டனை. உடல் மரத்தை மட்டும் லேசாக்கி, நெக்கையும் டியூனரையும் அப்படியே விட்டால் எந்தக் கிட்டாரிலும் இந்தத் தொல்லை வரலாம். திருப்புவிசை என்பது எடை பெருக்கல் தூரம். டியூனர்கள் இருப்பதோ தலையின் கோடியில். அங்கே 50 கிராம் குறைந்தாலும் உடலில் 50 கிராம் குறைவதைவிட அதிகம் தெரியும். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையையே வெட்டி, டியூனர்களைப் பிரிட்ஜ் பக்கம் கொண்டுபோனது நல்ல பொறியியல் என்று நான் நினைக்கிறேன், பார்க்கக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தாலும்!

பாலோனியாவுக்கு இன்னொரு குறை: ரொம்ப மென்மை. நகம் அழுத்தினாலே குழி விழும், ஸ்ட்ராப் குமிழின் திருகு நாளடைவில் தளர்ந்துவிடும். அங்கே கெட்டியான மரக்குச்சியைப் பசையோடு இறக்கி, மறுபடி துளையிட்டுத் திருகினால் நிற்கும்.

கடைக்குப் போகும்போது பயணப்பெட்டி நிறுக்கும் சின்னத் தொங்கு தராசை எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரே மாடலில் இரண்டு மூன்றை நிறுத்துப் பார்த்தால் அரை கிலோ வரைகூட வித்தியாசம் வரலாம். என் கணக்கு இதுதான்: 3.2 கிலோவுக்குக் கீழே லேசு, 3.8 வரை சரி, 4க்கு மேல் என்றால் நன்றாக யோசிக்கணும். பிறகு ஸ்ட்ராப் போட்டுப் பத்து நிமிடமாவது நில்லுங்கள். நடுவில் இரண்டு கையையும் விட்டுப் பாருங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். நெக் நின்ற இடத்தில் நின்றால் நல்லது. பழைய கிட்டார் வாங்குகிறவர்கள், தராசில் வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கனமான கிட்டார் இருந்தால் உடனே விற்க ஓட வேண்டாம். 5 சென்டிமீட்டர் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டு 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்று போடுங்கள், உள்பக்கம் சொரசொரப்பான தோல் இருந்தால் லேசான சாய்வையும் பிடித்துக்கொள்ளும். விரல் மரத்துப் போகிறது என்றால் மட்டும் ஸ்ட்ராப்போடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், எல்ஆர்டியில் ஒத்திகைக்குப் போகிறவர்கள் பெட்டியையும் நிறுத்துப் பாருங்கள். கெட்டிப் பெட்டி சில நேரம் கிட்டாரைவிடக் கனமாக இருக்கும். முதுகில் மாட்டும் பஞ்சுவைத்த பை இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும்.