நோயுள்ள இடத்திலேயே மருந்து



"இத்தனை ஊசி ஏற்றியும் ஏன் ஐயா குணமாகவில்லை?" என்று புற்றுநோயாளிகளின் வீட்டார் கேட்பதுண்டு. நரம்பு வழியே ஏற்றும் மருந்து உடலெங்கும் பரவுகிறது. நோயுள்ள இடத்தைச் சேருவது சிறு பங்கே.

1957-ல் அறிமுகமான ஃபுளூரோயுரசில் இன்றும் இரைப்பைப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. ஆனால் இரத்தத்தில் அது பாதியாகக் குறைய 10 முதல் 20 நிமிடங்களே ஆகும். அளவைக் கூட்டினாலோ வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, இரத்த அணுக்குறைவு உண்டாகும்.

ஆகவே சீன மருத்துவர்கள் இம்மருந்தைச் சிறு துணுக்குகளாக்கி, கட்டியை அகற்றும்போதே வயிற்றறைக்குள் வைக்கிறார்கள். மருந்து பல நாட்கள் மெல்லக் கசிகிறது. தப்பிய புற்றணுக்கள் அங்கே வேரூன்றாமல் தடுப்பதே நோக்கம். மூளைக்கட்டிக்கு இத்தகைய மருந்து வில்லையை அமெரிக்கா 1996-ல் அனுமதித்தது.

எனினும் இது அறுவைச் சிகிச்சைக்கு ஈடல்ல. தொலைவில் பரவிவிட்ட நோய்க்கும் போதாது. சென்னையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கிறது. திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலும் வயிற்றுவலியை 'அல்சர்' என்றெண்ணி, மருந்துக்கடை மாத்திரையோடு மாதங்களைக் கடத்துவோர் உண்டு. பசியின்மை, எடைக்குறைவு, கருத்த மலம் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் எண்டோஸ்கோப்பி பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நேரத்தோடு வருகிறவருக்கே புதிய மருந்தும் முழுப்பயன் தரும்.